விசில் ஊதினால் வெளியே வரவேண்டும்

வீட்டில் தீப்பிடித்தால் என்ன செய்ய வேண்டும் என்று யாரையாவது கேட்டுப் பாருங்கள். பதறக் கூடாது, மெயினை அணைக்க வேண்டும், கேஸை மூட வேண்டும், வெளியே வந்துவிட வேண்டும் என்று பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஒப்பிப்பார்கள். நிஜமாகத் தீப்பிடித்த வீட்டில் யார் என்ன செய்தார்கள் என்பது வேறு கதை. லூர்துநாதன் மாஸ்டர் வீட்டில் போன வாரம் அந்தக் கதையைத்தான் பார்த்தோம்.

புதன்கிழமை சாயங்காலம். கூடத்தில் கிறிஸ்துமஸ் குடில். வைக்கோல் கூரை, பஞ்சில் பனி, சுற்றிலும் சீரியல் பல்பு. வைக்கோல் குரும்பகரத்திலிருந்து வந்தது, ஆனால் அந்த ஊர்ப் பெயரை மட்டும் மாஸ்டரிடம் யாரும் சொல்லவில்லை. காரணம் சொல்கிறேன், பொறுங்கள்.

குடிலை ஒட்டி ஒரு ஸ்டூல், அதன் மேல் மாதா படம். படத்துக்கு முன்னால் எவர்சில்வர் டம்ளரைக் கவிழ்த்து, அதன் முதுகில் மாஸ்டரின் மனைவி ஜெயமேரி வேண்டுதலுக்காக ஒட்டி வைத்த நேர்ச்சை மெழுகுதிரி. நேர்ச்சைத் திரியை ஊதி அணைக்கக் கூடாது, தானாகத்தான் அணைய வேண்டும் என்பது அவருடைய அம்மா வீட்டு வழக்கம். எரிந்து முடியட்டும் என்று விட்டுவிட்டு அவர் அடுப்படிக்குப் போனார். மழைக்காற்று ஜன்னலைத் தள்ளியது, திரி சாய்ந்தது, வைக்கோல் பற்றிக்கொண்டது.

இளைய மகன் நெல்சன் ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து, பிளக்கைக்கூடப் பிடுங்காமல் சீரியல் பல்பு மேலேயே ஊற்றி, ஷாக் அடித்துச் சுவரோரம் போய் விழுந்தான். ஜெயமேரி, கிறிஸ்துமஸ் இரவுக்காகப் பீரோவில் பஞ்சு சுற்றி வைத்திருந்த குழந்தை இயேசு சுரூபத்தை எடுக்க உள்ளே ஓடினார். மாஸ்டர் கொல்லைப்பக்கத்து கிரில் கதவுக்கு ஓடி, அது பூட்டியிருப்பதைப் பார்த்து, சாவியைத் தேடத் திரும்பி ஓடி வந்தார். மெயினை அணைத்துவிட்டு ஈரப் போர்வையைக் குடில் மேல் போட்டு அமுக்கியவள் நெல்சனின் மனைவி ஜெனிட்டா. குடிலும் பாதி ஜன்னல் திரையும் போயின. குடில் பொம்மைகளான மூன்று ராஜாக்களில் ஒருவர் கருகிவிட்டார்.

பிறகு நடந்த பஞ்சாயத்தில் மாஸ்டர் ஒரே வாக்கியத்தில் தீர்ப்பு சொன்னார். "இந்த வீட்டுல இனிமே மெழுகுதிரி கெடையாது."

அந்தத் திரி யாருக்காக எரிந்தது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். மூத்த மகன் ஜான்பீட்டருக்காக.

அவன் ஐந்து வருஷத்துக்கு முன்னால் குரும்பகரத்து விவசாயக் குடும்பத்துப் பெண் விஷ்ணுப்ரியாவைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு ஓசூருக்குப் போய்விட்டான். பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் டிரில் மாஸ்டராக இருந்த லூர்துநாதனுக்கு எல்லாமே வரிசைதான். "வரிசைய விட்டுப் போனவனுக்கு மறுபடி எடம் இல்ல" என்று சொல்லிவிட்டு, மகனின் மாடி அறையைப் பூட்டிச் சாவியைத் தன் இடுப்புக் கொத்தில் கோத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அவன் பெயரை அவர் சொன்னதில்லை, மற்றவர்கள் சொன்னாலும் காதில் வாங்கியதில்லை.

அந்த ஜான்பீட்டர்தான் சனிக்கிழமை தம்பிக்குப் போன் செய்திருந்தான். கிறிஸ்துமஸுக்கு மனைவியையும் குழந்தை ஜெமிமாவையும் கூட்டிக்கொண்டு வரட்டுமா என்று கேட்டான். அப்பா வாயால் ஒரு வார்த்தை வந்தால்தான் வருவான். இல்லையென்றால் இனிமேல் கேட்கவும் மாட்டானாம்.

ஞாயிற்றுக்கிழமை காலை, பூசை முடிந்து வந்த கையோடு நெல்சன் அடுப்படி வாசலில் வந்து நின்றான்.

"அண்ணன் மறுபடி மெசேஜ் போட்டிருக்கு ஜெனி. சாயங்காலத்துக்குள்ள சொல்லணுமாம். பஸ்ஸெல்லாம் நெறஞ்சிக்கிட்டே இருக்காம்."

"நீங்களே மாமாகிட்ட பேசிப் பாருங்களேன்."

நெல்சன் தன் வலது கை விரல்களைப் பார்த்துக்கொண்டான். "ஒரு வாரத்துக்கு ஒரு ஷாக் போதும்மா எனக்கு."

ஜெனிட்டா சிரிக்காமல் இருக்கப் பார்த்தாள். முடியவில்லை. "சரி, நானே பேசுறேன். இப்ப வேணாம், டிரில் முடியட்டும். டிரில்லுன்னா மாமாவுக்கு மனசு குளுந்துடும். அந்த நேரம் பாத்துக் கேட்டுடுறேன்."

டிரில் அவளுடைய யோசனை. அவள் நர்ஸாக வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் போன மாதம் தீப்பயிற்சி நடந்தது. மணி அடித்ததும் நோயாளிகளை நகர்த்த வேண்டிய மூத்த சிஸ்டர் ஒருவர், வெளியே போன வேகத்தில் திரும்பி உள்ளே போய்த் தன் கைப்பையை எடுத்துக்கொண்டு வந்தார். எல்லோரும் சிரித்தார்கள், ஜெனிட்டாவும்தான். புதன்கிழமைக்குப் பிறகு அவளுக்கு அது சிரிப்பாக இல்லை. தன் வீட்டில் மட்டும் என்ன வாழ்ந்தது? நான்கு பேரும் நான்கு பக்கம் ஓடினார்கள். யாரும் வாசல் பக்கம் ஓடவில்லை.

தீக்காயத்தோடு ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களை அவள் பார்த்திருக்கிறாள். அடுப்பில் பாலை வைத்துவிட்டுப் போனவர்கள், கொசுவர்த்தியைக் கட்டிலுக்கடியில் வைத்துப் படுத்தவர்கள். எல்லோரும் ஒரே வார்த்தையைத்தான் சொல்வார்கள். "ஒரு நிமிஷம்தான் சிஸ்டர், அந்தாண்ட போனேன்." அந்த ஒரு நிமிஷத்தை நினைத்து அவள் நான்கு நாளாகச் சரியாகத் தூங்கவில்லை.

மாஸ்டரிடம் போய், "மாமா, நம்ம வீட்டுலயும் ஒரு டிரில் பண்ணிப் பாப்பமா?" என்று கேட்டபோது, அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு மருமகளை மேலும் கீழும் பார்த்தார்.

"டிரில்லப் பத்தி எனக்கே சொல்லித் தர்றியாம்மா?"

"சொல்லித் தரல மாமா. நடத்திக் குடுங்கன்னு கேக்குறேன்."

இதற்குமேல் எந்த டிரில் மாஸ்டரால் சும்மா உட்கார்ந்திருக்க முடியும்? பீரோவைத் திறந்து பழைய விசிலை எடுத்தார். வேட்டி முனையால் துடைத்து, வாயில் வைத்துப் பார்த்து, திருப்தியோடு கழுத்தில் மாட்டிக்கொண்டார். ஜெயமேரி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "ஆரம்பிச்சுட்டாருய்யா" என்று முணுமுணுத்தார்.

காலை முழுக்க மாமனாரும் மருமகளும் வீட்டைச் சுற்றி வந்தார்கள். வெளியே மழை விட்டு விட்டுத் தூறிக்கொண்டிருந்தது. மார்கழி மழைக்கு எந்தத் துணி காய்கிறது? ஜெயமேரி அடுப்புக்கு மேலே கொடி கட்டிப் போர்வைகளைத் தொங்கவிட்டிருந்தார். சூடு பட்டால் சீக்கிரம் காயுமாம்.

"இத முதல்ல அவுக்கணும் அத்த. ஒரு முனை கீழ எறங்குனாப் போதும்."

"இத்தன வருசமா அங்கதான் காயுது. ஒண்ணும் ஆகல."

"குடிலும் இத்தன வருசமாத்தான் வச்சீங்க."

ஜெயமேரி கொடியை அவிழ்த்தார்.

அடுத்தது ஒரு எக்ஸ்டென்ஷன் பெட்டி. ஃபிரிட்ஜ், மிக்ஸி, கிரைண்டர் மூன்றும் அதிலேயே உயிர் வாழ்ந்தன. தொட்டுப் பார்த்தால் வெதுவெதுப்பாக இருந்தது. நெல்சன் தலையணைக்கடியில் போனைச் சார்ஜ் போட்டுத் தூங்குவதும் அன்றைக்குத்தான் வெளிச்சத்துக்கு வந்தது. "என்னாடா இது, தலைக்கே கொள்ளி வச்சிக்கிற?" என்று மாஸ்டர் மகனை ஒரு பிடி பிடித்தார். பிடித்த கையோடு ஜெனிட்டா அவருடைய கட்டிலுக்கடியில் குனிந்து, செய்தித்தாள் மேல் வைத்திருந்த கொசுவர்த்தியை எடுத்து நீட்டினாள். மாஸ்டர் அதை வாங்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்து, மழை வரும்போல இருக்கிறதே என்றார். மழை ஏற்கனவே பெய்துகொண்டுதான் இருந்தது.

பெரிய விவகாரம் கொல்லை கிரில் சாவிதான்.

"திருடன் வந்தா?" என்றார் மாஸ்டர்.

"சாவி வீட்டுக்குள்ளதான மாமா தொங்கப்போவுது. வெளில நின்னு கை விட்டா எட்டாது. நமக்கு எட்டும். புதன்கெழம நீங்க சாவி தேடுன நேரத்துல…"

அவர் அவளை முடிக்க விடவில்லை. இடுப்புக் கொத்திலிருந்து கிரில் சாவியைக் கழற்றி அவளிடம் கொடுத்தார். அவள் சுவரில் ஆணி அடித்து மாட்டினாள். கொத்தில் மீதம் நாலைந்து சாவிகள் இருந்தன, அதில் ஒன்று பித்தளைச் சாவி. அது எந்தப் பூட்டுக்கு என்று அவளுக்குத் தெரியும்.

கேட்கலாமா வேண்டாமா என்று யோசித்தாள். வேலையோடு வேலையாகக் கேட்பதுபோல் கேட்டும்விட்டாள்.

"மேல ரூமையும் ஒரு தடவ பாத்துடலாமா மாமா? அஞ்சு வருசமாப் பூட்டியே கெடக்கு. ஒயர எலி கடிச்சிருந்தாக்கூடத் தெரியாது."

"அங்க யாரும் இல்ல." மாஸ்டரின் குரல் மைதானத்துக் குரலாகிவிட்டது. "யாரும் இல்லாத ரூமுக்கு எதுக்கும்மா டிரில்லு?"

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

பத்து நிமிஷம் கழித்து மூவரையும் கூடத்தில் வரிசையாக நிற்கவைத்து விதிகளைச் சொன்னவரும் அவர்தான். ஜெனிட்டா எழுதிக் கொடுத்ததுதான், ஆனால் அவர் வாயில் வந்ததும் அது அவருடையதாகிவிட்டது.

"விசில் ஊதுனா வெளில வரணும். எதையும் எடுக்கக் கூடாது. நகை, போன், சுரூபம், எதுவும்." சுரூபம் என்றபோது மனைவியைப் பார்த்தார். "நெல்சன் அம்மாவக் கூட்டிக்கிட்டு வாசல் வழியா வரணும், அவளுக்கு முழங்கால் வலி. ஜெனிட்டா கேஸையும் மெயினையும் நிறுத்திட்டு வரும். நா கொல்லைக் கதவத் தொறந்து சந்து வழியா சுத்தி வருவேன். எல்லாரும் எதுத்தாப்புல புங்கமரத்தடிக்கு வந்துடணும். மாடிக்கு யாரும் ஓடக் கூடாது. பொக மேலதான் ஏறும். மேல போனவன் கீழ வரமாட்டான். வெளங்குதா?"

"வெளங்குது" என்றான் நெல்சன்.

"சத்தமா!"

"வெளங்குது சார்!"

மாஸ்டருக்கே சிரிப்பு வந்துவிட்டது. கழுத்திலிருந்த விசிலைக் கழற்றி ஜெனிட்டாவின் கையில் வைத்தார். "எப்ப ஊதுவேன்னு சொல்லாத. எங்கிட்டயும் சொல்லாத. சொல்லிட்டு ஊதுனா அது டிரில்லே இல்ல, நாடகம்."

அவர் தனக்குத்தானே குழி வெட்டிக்கொண்டது அந்த நேரத்தில் அவருக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது.

சமையலுக்கு நடுவே ஜெனிட்டா மாமியாரைக் கொல்லைக்குக் கூப்பிட்டாள். துவைக்கிற கல்லுக்கு மேலே தகரக் கூரை இருக்கிறது. சுற்றிலும் சிமெண்ட் தரை, துணி இல்லை, சருகு இல்லை. அங்கே அகலமான ஒரு மண்சட்டியை வைத்து, கழுத்து வரை ஆற்றுமணல் நிரப்பி வைத்திருந்தாள்.

"இதுக்குள்ள திரிய நட்டீங்கன்னா சாயாது அத்த. சாஞ்சாலும் மண்ணுலதான் விழும். ஊதி அணைக்க வேணாம், அதுவா அணையட்டும். அணையிற வரைக்கும் யாராச்சும் ஒருத்தர் கூட உக்காந்திருந்தாப் போதும்."

ஜெயமேரி சட்டியைத் தொட்டுப் பார்த்தார். மணலை ஒரு பிடி அள்ளி, விரலிடுக்கில் மெதுவாக வழியவிட்டார்.

"மெழுகுதிரி கெடையாதுன்னு அவரு சொல்லிட்டாரேம்மா."

"வீட்டுக்குள்ளதான சொன்னாங்க?"

"அவரு சொன்னது எதுக்குன்னு ஒனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்." ஜெயமேரி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நெருப்புக்குப் பயந்து சொன்னாருன்னா நா கவலப்பட மாட்டேன். அந்தத் திரி எரிஞ்ச வரைக்கும் நா அவன நெனைக்கிறேன்னு அவருக்குத் தெரிஞ்சுது. நா நெனைக்கிறத அவரு பாத்தாரு. அஞ்சு வருசமா எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல அவனப் பத்தி இருந்த பேச்சே அந்தத் திரி ஒண்ணுதான்."

மாமியாரை ஜெனிட்டா இதுவரை சமையல், முழங்கால், பூசை நேரம் என்றுதான் அறிந்திருந்தாள். அவருடைய தோளைத் தொட்டாள்.

"சாயங்காலம் நா மாமாகிட்ட பேசுறேன் அத்த. கண்டிப்பாப் பேசுறேன்."

"அவன் சின்னப் புள்ளையில ரொம்பத் தூங்குவான்" என்றார் ஜெயமேரி, சம்பந்தமில்லாமல். "இடி விழுந்தாலும் எந்திரிக்க மாட்டான். விடியக்காலம் கிரவுண்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போவணும்னு இவருதான் தெனமும் மேல போயிக் கதவ ஒடைக்கிற மாதிரி தட்டுவாரு. தெருவே முழிச்சிக்கும். அவன் மட்டும் முழிக்க மாட்டான்."

சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டார். மீன் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது.

மத்தியானம் சாப்பாடு முடிந்தது. வஞ்சிர மீன், தூறல், ஞாயிற்றுக்கிழமை. இந்த மூன்றும் சேர்ந்தால் காரைக்காலில் எவன் கண் விழித்திருப்பான்? மாஸ்டர் தன் அறைக்குள் போய்ப் படுத்ததும் குறட்டை கேட்டது. நெல்சன் கூடத்தில் பாயில் புரண்டுகொண்டிருந்தான். ஜெயமேரி நாற்காலியில் செபமாலையோடு கண் சொக்கிக்கொண்டிருந்தார்.

ஜெனிட்டா விசிலைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்படியில் நின்றாள். தூங்கும் நேரத்தில் ஊதுவது பாவமாகத்தான் இருந்தது. ஆனால் தீ என்ன, சாப்பிட்டாச்சா தூங்கியாச்சா என்று விசாரித்துவிட்டா வரும்? மூச்சை இழுத்து ஊதினாள்.

அந்தப் பழைய விசிலுக்கு இன்னும் தொண்டை கட்டவில்லை. ஓடு அதிர்ந்தது.

நெல்சன் துள்ளி எழுந்தான். பாதித் தூக்கத்தில் வாளியைத் தேடி இரண்டடி வைத்தவன், நினைவு வந்து திரும்பி அம்மாவின் கையைப் பிடித்தான். "செருப்புடா, என் செருப்பு" என்றார் ஜெயமேரி. "எதையும் எடுக்கக் கூடாதும்மா!" என்று அவன் கிட்டத்தட்டத் தூக்கிக்கொண்டே வாசலுக்குப் போனான். செபமாலை மட்டும் அவர் கையிலேயே இருந்தது. அதை விதிமீறலாக எடுத்துக்கொள்ள ஜெனிட்டாவுக்கு மனம் வரவில்லை.

அவள் ரெகுலேட்டரைத் திருப்பி மூடினாள். மெயினுக்குப் போகும் வழியில் கொல்லைப் பக்கம் பார்த்தாள். கிரில் பூட்டியபடியே இருந்தது. ஆணியில் சாவி தொங்கிக்கொண்டிருந்தது. மாமா வரவில்லை. அவருடைய அறையை எட்டிப் பார்த்தாள், கட்டில் காலி.

அப்போதுதான் மேலே சத்தம் கேட்டது.

மாடிக் கதவை யாரோ அறைந்துகொண்டிருந்தார்கள்.

அவள் படியேறினாள். பாதிப் படியிலேயே கால் நின்றுவிட்டது.

மேலே மாஸ்டர். சட்டை இல்லாமல், அவிழ்ந்த வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் பூட்டிய கதவை அடித்துக்கொண்டிருந்தார். கண் திறந்திருந்தது. ஆனால் அந்தக் கண் இந்த மத்தியானத்தைப் பார்க்கவில்லை.

"பீட்டரு! டேய் பீட்டரு! எந்திரிடா! நெருப்புடா! எந்திரிடா தம்பி!"

இடுப்புக் கொத்தை இழுத்தார். கண்ணால் தேடாமலே பித்தளைச் சாவி அவர் விரலுக்கு வந்தது. பூட்டைத் திறந்து, கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினார்.

உள்ளே சுருட்டி வைத்த மெத்தையும் ஒரு வெறுங் கட்டிலும். அவர் குனிந்து கட்டிலுக்கடியில் பார்த்தார். கதவுக்குப் பின்னால் பார்த்தார். பிறகு அறை நடுவில் நிமிர்ந்து நின்றார்.

மெதுவாக அவருடைய தோள் இறங்கியது. விழித்துக்கொண்டுவிட்டார் என்று ஜெனிட்டாவுக்குத் தெரிந்தது. கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தார். தூசி படிந்த தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

ஜெனிட்டாவுக்கு ஓடிப்போய் அவரைப் பிடித்துக்கொள்ளலாம் என்று தோன்றியது. சாயங்காலம் பேச வேண்டிய பேச்சுக்கு இதைவிட நல்ல நேரம் கிடைக்காது என்றும் தோன்றியது. இரண்டும் வேண்டாம் என்று அவளே முடிவு செய்துகொண்டாள். இப்படி உட்கார்ந்திருப்பதை மருமகள் பார்த்துவிட்டாள் என்று தெரிந்தால் அந்த மனுஷன் இன்னொரு பூட்டு போட்டுக்கொள்வார்.

சத்தமில்லாமல் படியிறங்கினாள். கீழே வந்து மெயினை அணைத்தாள். வாசலில் நின்று, இப்போதுதான் தேடுகிறவள்போல் குரல் கொடுத்தாள்.

"மாமா, எல்லாரும் வந்தாச்சு. நீங்களும் வாங்க!"

புங்கமரத்தடியில் நெல்சனும் ஜெயமேரியும் நனைந்துகொண்டு நின்றார்கள். எதிர்வீட்டு ஜவஹர் அலி குடையோடு வந்து விசாரணையை ஆரம்பித்திருந்தார்.

"என்னா தம்பி, மறுபடி நெருப்பா?"

"இல்ல பாய், டிரில்லு."

"மாஸ்டர் எங்க?"

"அவருதான் இன்னும் வரல." நெல்சனுக்கு வாயெல்லாம் பல். "டிரில் மாஸ்டரே டிரில்ல ஃபெயிலு!"

ஜெயமேரி சிரிக்கவில்லை. ஓடிவந்த மருமகளின் முகத்தைப் பார்த்தார். "என்னாம்மா?" என்று மெதுவாகக் கேட்டார். ஜெனிட்டா தலையை மட்டும் ஆட்டினாள்.

மாஸ்டர் வாசல் வழியாக வந்தார். வேட்டியைச் சரியாகக் கட்டி, தோளில் துண்டு போட்டிருந்தார். தூறலில் தெருவைக் கடந்து மரத்தடிக்கு வந்து, எப்போதும் நிற்பதுபோல் கால்களை அகட்டி நின்றார். அவருடைய கை இரண்டும் தூசியாக இருந்தன. அந்த வீட்டில் அப்படித் தூசி படிந்த இடம் ஒன்றுதான் என்று ஜெயமேரிக்குத் தெரியும். செபமாலையை வாயோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

நெல்சன் எதையும் கவனிக்கவில்லை. விரலை நீட்டி எண்ணினான். "அம்மா, நானு, ஜெனி, அப்பா. நாலு பேரு. எல்லாரும் வந்தாச்சு, டிரில் ஓவர்!"

"எல்லாரும் வரலடா" என்றார் மாஸ்டர்.

"யாருப்பா வரல?"

மாஸ்டர் தெருவுக்கு அந்தப்பக்கம் தன் வீட்டைப் பார்த்தார். மாடி ஜன்னல் ஐந்து வருஷத்துக்குப் பிறகு திறந்திருந்தது. அவர்தான் திறந்துவிட்டு வந்திருக்க வேண்டும்.

"ஒருத்தன் கொறையுறான்" என்றார். மைதானத்துக் குரல் எங்கே போயிற்றோ தெரியவில்லை. "நெசமாவே நெருப்புப் புடிச்சா, நா அவனத் தேடிக்கிட்டு மேலதான் போவேன் போலருக்கு. அவன் அங்க இல்லன்னு எனக்கே ஒறைக்க மாட்டேங்குது. விதியெல்லாம் சொன்னேனே, மேல போனவன் கீழ வரமாட்டான்னு. நாந்தான் மேல போனேன்."

ஜவஹர் அலி விவரம் தெரிந்தவர். "நா போயி டீக்குச் சொல்றேன் மாஸ்டர்" என்று குடையை ஜெயமேரியின் கையில் கொடுத்துவிட்டு வீட்டுக்குள் போய்விட்டார்.

"அவன் நம்பரு வச்சிருக்கியாடா?"

நெல்சன் சட்டைப்பையைத் தடவினான். போன் இல்லை. விதிப்படி வீட்டுக்குள்ளேயே விட்டுவிட்டு வந்திருந்தான். தெருவைத் தாண்டி ஓடினான். ஓடிய வேகத்தில் வாசற்படியில் வழுக்கி, எழுந்து, போனோடு திரும்பி வந்தான். அவனே எண்ணைப் போட்டு அப்பாவின் காதில் வைத்தான்.

மணி போனது. சாயங்காலம் பேசுவதற்காக ஜெனிட்டா மனதுக்குள் சேர்த்து வைத்திருந்த வார்த்தை ஒன்றுக்கும் இனி வேலை இல்லை.

"ஹலோ, யாரு?" ஒரு சின்னக் குரல். மழலை இன்னும் போகவில்லை.

மாஸ்டர் வாயைத் திறந்தார். ஆயிரம் பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட வாய். தன் பேத்தியிடம் தன்னை யார் என்று சொல்வது? தாத்தா என்றால் எந்தத் தாத்தா என்று அந்தக் குழந்தை கேட்காதா?

"அம்மா, யாரோ பேச மாட்டேங்கிறாங்க" என்றது குழந்தை. போன் கை மாறியது.

"சொல்லுங்க, யாரு?"

விஷ்ணுப்ரியா. இந்தக் குரலை மாஸ்டர் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

"நா… லூர்துநாதன் பேசுறேன். காரைக்கால்லேருந்து."

"அவங்க கடைக்குப் போயிருக்காங்க" என்றாள். நிறுத்தினாள். நிதானமாகத்தான் கேட்டாள். "அவங்ககிட்ட சொல்ல வேண்டியதா மாமா? இல்ல, என்கிட்ட சொல்லலாமா?"

நியாயமான கேள்வி. ஐந்து வருஷமாகக் கேட்காமல் வைத்திருந்த கேள்வி. ஜெனிட்டா நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் அந்த வீட்டுக்கு மேளதாளத்தோடு வந்த மருமகள். போனில் பேசும் மருமகளுக்கு அந்த வாசற்படி எப்படி இருக்கும் என்றுகூடத் தெரியாது.

மாஸ்டர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மழைத் தண்ணீர் மட்டும் அல்ல.

"ஒங்கிட்டதாம்மா சொல்லணும்" என்றார். "மாடி ரூமத் தொறந்துட்டேன். ரொம்பத் தூசியாக் கெடக்கு. நாளைக்கிக் கூட்டிப் பெருக்கி வச்சிடுறோம். ஒயரிங்க எல்லாம் பாத்துடுறோம், கொழந்த படுக்குற எடம் இல்லியா… மூணு பேரும் வாங்கம்மா."

மறுமுனையில் வண்டிச் சத்தம் கேட்டது. குழந்தை, "யாரும்மா, யாரும்மா?" என்று துளைத்துக்கொண்டிருந்தது.

மாஸ்டர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு காத்திருந்தார். பக்கத்தில் அசைவு தெரிந்து திரும்பினார். ஜெயமேரி குடையை மடக்கிவிட்டு, முழங்கால் வலியையும் மறந்து, சந்து வழியாகக் கொல்லைப் பக்கம் நடக்கத் தொடங்கியிருந்தார். எதற்கு என்று மாஸ்டருக்குத் தெரிந்துவிட்டது. போனைக் கையால் பொத்திக்கொண்டார்.

"ஏ மேரி! எங்க போற?"

ஜெயமேரி பயந்துபோய் நின்றார்.

"கல்லுகிட்ட மண்சட்டி இருந்ததப் பாத்தேன், அதுல நட்டு வையி, வேற எங்கயும் வைக்காத" என்றார் மாஸ்டர். "பக்கத்துலயே உக்காந்திரு. நானும் வந்துடுறேன். அணையிற வரைக்கும் ரெண்டு பேருமா உக்காந்திருப்பம்."

போனைத் திரும்பக் காதில் வைத்தார்.

"மாமா…" என்றாள் விஷ்ணுப்ரியா. "நாங்க வர்றதுக்கு முன்னாடி உங்களுக்கு ஒரு விஷயம் தெரியணும். அவங்க இன்னும் உங்க யார்கிட்டயும் சொல்லல. மூணு பேரு இல்ல மாமா, வயித்துல இருக்கிற பாப்பாவோட சேத்து நாலு பேரு."